க்ளாஸைக் கீழ இறக்குங்க சார்

போன வாரம் புதுச்சேரியில் ஒரு கல்லூரிப் பரிசளிப்பு விழா. பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

விழா முடிந்ததும் முதல்வரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாமே என்று கீழ்த்தளத்தில் இருந்த அவர் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால்... ஒரே இருட்டு! ஜன்னல்களில் கறுப்புத் துணி. உள்ளே சில மாணவர்கள் ஏதோ கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவ மூடுங்க சார், வெளிச்சம் வருது" என்றது ஒரு பெண் குரல்.

மூடினேன். வேறென்ன செய்வது?

முதல்வர் மாடியில் இருந்தார். அது பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். உயர உயரமான மரப்படிகள். மூச்சு வாங்க ஏறிப் போய், நடந்ததைச் சொல்லி, உங்கள் அறைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கதவை மூடச் சொன்ன பெண்ணின் பெயர் வினோதினி என்றும், அவளிடமே கேட்டுக்கொள்ளும்படியும் சொல்லிச் சிரித்தார். மறுபடி இறங்கினேன். கேட்டேன்.

வினோதினி குருசுக்குப்பத்துப் பெண். அம்மா அஞ்சலை, மார்க்கெட்டில் மீன் விற்கிறார். பிறவியிலேயே வினோதினிக்குக் கால்களில் பலம் இல்லை, சக்கர நாற்காலிதான். பள்ளிக்கூடத்திலிருந்தே இயற்பியல் மேல் அப்படியொரு ஆசை. நல்ல மார்க். சீட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் இயற்பியல் வகுப்பு, லேப் எல்லாம் மாடியில். லிஃப்ட் கிடையாது.

கூடப் படிக்கும் பையன்கள் நல்லவர்கள். காலையில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேலே வைப்பார்கள். சாயங்காலம் இறக்கிவிடுவார்கள். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பிறகென்ன குறை?

"பாத்ரூம் கீழதான் சார் இருக்கு. அதனால காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டேன். அதுகூடப் பரவால்ல. தூக்கிட்டுப் போறவங்ககிட்ட கோவப்பட முடியாது. சண்ட போட முடியாது. எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கினே இருக்கணும்."

நன்றி சொல்லிக்கொண்டே இருப்பதிலும் ஓர் அலுப்பு உண்டு என்பது நடக்கிறவர்களுக்கு எங்கே தெரிகிறது?

ஒரு மழை நாளில், ஈரப் படியில் ஒரு பையனுக்குக் கால் வழுக்கிவிட்டது. கைப்பிடியை எட்டிப் பிடித்துச் சமாளித்துவிட்டான். அடி ஏதும் இல்லை. ஆனால் அன்றைக்கே வினோதினி முதல்வரைப் பார்த்தாள்.

முதல்வர் ரொம்ப அன்பாகத்தான் பேசினார். தமிழ் இலக்கியத்துக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். அந்த வகுப்பு கீழேயே நடக்கிறது. அவள் மாட்டேன் என்றதும் அதற்கு மேலும் ஒரு சலுகை கொடுத்தார்.

"நீ வீட்லயே இரும்மா. அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன். பரீட்சைக்கு மட்டும் வா."

நம்மில் எத்தனை பேர் இந்த ஒரு வாக்கியத்துக்காகக் கல்லூரி நாட்களில் தவம் கிடந்திருப்போம்! வினோதினிக்கோ அழுகை வந்துவிட்டது. வராதே என்பதை இதைவிட இனிமையாகச் சொல்ல முடியுமா என்ன?

வீட்டில் அம்மாவுக்குப் பயம். பெரிய இடத்தைப் பகைத்துக்கொண்டால் படிப்பே போய்விடுமே என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் வியாபாரத்துக்குப் போகாமல், தானே மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனார். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே வக்கீல் வைத்துத் தருவார்கள். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அங்கிருந்த வக்கீலம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையம், மாணவருக்கு வேண்டிய நியாயமான வசதியைச் செய்து கொடுக்க வேண்டும். செய்யாமல் மறுத்தால், அந்த மறுப்பே பாகுபாடுதான். வேலை பார்க்கிற இடத்துக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டுவிட்டது என்பதற்காக ஓர் அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

புகார் எழுதலாமா என்று வக்கீலம்மா கேட்டபோது, முதலில் இன்னொரு முறை தானே பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள் வினோதினி. பேசினாள். பழைய கட்டடம், லிஃப்ட் வைக்க அனுமதி கிடைக்காது, நிதியும் இல்லை என்று முதல்வர் அடுக்கினார்.

"நான் லிஃப்ட் கேக்கல சார். க்ளாஸைக் கீழ இறக்குங்க."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அத்தனை பேர் தலையிலும் உதிக்காத யோசனை!

ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. கீழே இடமில்லை என்றார்கள். ஆபீஸை மாற்ற முடியாது, ஸ்டாஃப் ரூமைத் தர முடியாது என்று ஆளாளுக்கு ஒரு காரணம். பிறகுதான் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் போனது. ஓர் அதிகாரி நேரில் வந்தார். மாணவி எந்த வழியாக வகுப்புக்குப் போகிறாள் என்று கேட்டார். எல்லோரும் படிகளைப் பார்த்தார்கள்.

அதிகாரி போனதும் கூடிய கூட்டத்தில், எந்த அறையைக் காலி செய்வது என்று மறுபடி சண்டை. அப்போது முதல்வர் எழுந்து, தன் அறையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அவர் மேசை மாடிக்குப் போனது. மேலே இருந்த லேப் கருவிகள் அந்த அறைக்கு வந்தன. ஒளியைப் பற்றிய சோதனைக்காகத்தான் நான் பார்த்த அந்தக் கறுப்புத் துணி. வினோதினியின் வகுப்புகளும் கீழே வந்துவிட்டன. வாசலில் சாய்தளம். சட்டம் அவரை நெருக்கியது உண்மைதான். ஆனால் தன் நாற்காலியைத்தான் தூக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரிடம் சொல்லவில்லையே! அந்த மனிதருக்கும் ஒரு வணக்கம்.

இப்போது தினமும் படியேறுகிறார். முட்டி வலிக்கிறதாம். லிஃப்டுக்கு மேலிடத்தில் கேட்டிருக்கிறாராம். கிடைத்துவிடும் என்று நம்பிக்கையாகச் சொன்னார். முட்டி வலித்தால் அனுமதி கிடைப்பதும் சுலபமாகிவிடுகிறது போலும்!

கிளம்பும்போது வினோதினியைப் பாராட்டிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டேன். எம்.எஸ்ஸி, ஆராய்ச்சி என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"பஸ்ஸு சார். நம்மூர் டவுன் பஸ்ஸு ஒண்ணுலகூட என்னால ஏற முடியல. வக்கீலம்மாகிட்ட பேசிக்கினு இருக்கேன்."

போக்குவரத்துத் துறை அதிகாரிகளே... அந்தப் பெண் பேச வந்தால், முதல் தடவையே கேட்டுவிடுங்கள். அதுதான் உங்களுக்கு நல்லது!