மாத்திரையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டவர்

செபஸ்தியம்மாள் சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு நோயாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதய வார்டில் நான்காம் கட்டில், சுடலைமுத்து, உப்பளத்தில் வேலை. அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு மறுபடி நெஞ்சுவலியோடு வந்திருந்தார். "உயிர் மேல ஆசை இல்லையா உமக்கு?" என்று நான் கத்திக்கொண்டிருக்கையில் வார்டு நர்ஸ் பக்கத்தில் வந்து, "சார், செபஸ்தி சிஸ்டர் காலையில போயிட்டாங்களாம்" என்றார். மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனேன். அவர் வார்டில் இருந்திருந்தால் அந்தக் கத்தலை முன்பே நிறுத்தியிருப்பார்.

பதினாறு வருடம் நாங்கள் ஒரே வார்டில் வேலை பார்த்தோம். நான் டாக்டர், அவர் நர்ஸ். ஆனால் வார்டு நடந்தது அவர் சொன்னபடிதான். மாரடைப்போடு வந்தவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏறும்போது கட்டிலை விட்டு நகரமாட்டார். பயந்து அழுகிறவரிடம், "அழுததெல்லாம் போதும்யா, வலி நின்னப்புறம் மிச்சத்த அழுங்க, இப்ப மூச்ச நல்லா விடுங்க" என்பார். அழுதவர் சிரித்துவிடுவார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "நீங்க ஆழ்வார்திருநகரி ஆத்தங்கரை ஆளு டாக்டர். கடல் காரியம் உங்களுக்குப் புரியாது, கத்தாதீங்க." கடலோரத் தருவைகுளத்தில் பிறந்து, அண்ணன் தம்பிகளைக் கடலுக்கு அனுப்பிய வீட்டுப் பெண் அவர். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. லாரன்ஸ் விஷயத்துக்குப் பிறகு நான் பதில் பேசுவதில்லை.

லாரன்ஸ் தருவைகுளத்து மீனவர். ஒரு வாரம் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் படகில் போகிறவர். ஸ்டென்ட் வைத்து, இரண்டு மாத்திரை எழுதி, ஒரு வருடத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டே மாதத்தில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிழைத்தது பெரிய காரியம். கண் விழித்ததும் நான் கேட்டேன்: "மாத்திரை ஒழுங்கா போட்டீரா?" "போட்டேன் சார்." பொய் என்று தெரிந்தது. நான் கத்த வாயெடுப்பதற்குள் சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே லாரன்ஸு, கடலுக்குப் போகும்போது மாத்திரைய எங்க வைப்ப?"

லாரன்ஸ் கூரையைப் பார்த்தார். "வீட்டுலதான் சிஸ்டர். டாக்டர் சொன்னாருல்லா, காயம் பட்டா ரத்தம் லேசுல நிக்காது, கவனம்னு. வலை இழுக்கையில கையில முள்ளு ஏறாம இருக்குமா? என் ஒருத்தனுக்காக எட்டுப் பேரும் பாதிக் கடல்ல திரும்பணுமா? அதான், கடல்ல இருக்கம்போது போட மாட்டேன். கரைக்கு வந்ததும் போட்டுருவேன்."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ரத்தம் கசியும் என்று அவரைப் பயமுறுத்தி அனுப்பியவன் நான்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த அளவு அழுத்திச் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டு நடந்த மனிதரைத்தான் திட்டப் பார்த்தேன்.

சிஸ்டர் என்னைப் பார்க்கவேயில்லை. "படகுல சாயங்காலம் செபமாலை சொல்லுவீங்கள்லா? அத என்னைக்காவது விட்டுருக்கியளா?" என்று கேட்டார். "அதெப்படி விடுவோம்?" என்றார் லாரன்ஸ். "அப்ப மாதா படத்துக்குக் கீழ ஒரு டப்பாவுல மாத்திரைய வை. செபம் முடிஞ்சதும் போடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் சாயங்காலம் ஒண்ணாப் போடலாமா டாக்டர்?" போடலாம் என்றேன். முள் குத்தினால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், இடையில் திறந்து பார்க்கக் கூடாது என்று நான் சொன்னேன். "கடல்ல யாரு கடிகாரம் பாப்பா? செபமாலையில மூணு பத்து, அதான் முப்பது மணி உருட்டி முடியிற வரைக்கும் கைய எடுக்காதலே" என்றார் சிஸ்டர். எனக்குச் சந்தேகம். சிஸ்டரையே செபம் சொல்லச் சொல்லி, வார்டிலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தை ஒட்டித்தான் வந்தது. அடுத்த கட்டில் பாட்டையா ஆமென் சொன்னார்.

அதன்பின் தருவைகுளத்திலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாத்திரை போட்டியான்னு கேட்டா எல்லாரும் போட்டேன்னுதான் சொல்லுவான் டாக்டர். எங்க வச்சிருக்கன்னு கேட்டாத்தான் உண்ம வரும்" என்பார். ஓய்வு பெற்ற நாளிலும் மாலையைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டிலில் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அன்று மாலையே அடக்கம். தருவைகுளம் போயிருந்தேன். பெட்டியைத் தூக்கியவர்களில் லாரன்ஸும் ஒருவர். தலை நரைத்திருந்தது, தோள் தளரவில்லை. கல்லறையில் எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். "இப்ப ஒரு மாத்திரைதான் சார். சிஸ்டர் போயிட்டாங்கன்னு விட்டுருவேன்னு நெனைக்காதீங்க" என்றார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை வார்டுக்கு வந்ததும் நான்காம் கட்டிலுக்குப் போனேன். சுடலைமுத்து என்னைக் கண்டதும் போர்வையை இழுத்துக்கொண்டார். சிஸ்டர் உட்காரும் ஸ்டூல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

"உப்பளத்துக்குப் போகும்போது மாத்திரைய எங்க வைப்பீங்க அண்ணாச்சி?"

அவர் போர்வையை விலக்கி, வெடித்திருந்த பாதத்தைக் காட்டினார். "உப்பு அறுத்து ரத்தம் நிக்க மாட்டேங்கு சார். அதோட தண்ணிக்குள்ள எப்படி நிக்க? அதான் விட்டுட்டேன். நேத்தே சொல்லியிருப்பேன், நீங்க கேக்கலைல்லா."

கேட்கவில்லைதான். சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஸ்டூலும் அந்தக் கேள்வியும்தான். ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். "சரி அண்ணாச்சி, இந்தக் காலுக்கு முதல்ல ஒரு வழி பண்ணுவோம்" என்றேன்.