ஹெர்மினா திருப்பிக் கொடுத்த உறை

ஹெர்மினா ஓகுஸ்த் தீவின் கால்பந்துச் சங்கத்துக்குத் துணைத்தலைவர் ஆனதற்குக் காரணம், நிர்வாகக் குழுவில் பெண் ஒருத்தியாவது இருந்தாக வேண்டும் என்று உலகக் கால்பந்துத் தலைமையகம் போட்ட விதிதான். வேறு எந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஹெர்மினா ஏற்கெனவே மைதானமே கதி என்று கிடந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. படுக்கை விரிப்புகளெல்லாம் முடிந்த பிறகு, மேட்ரன் கண்டும் காணாமல் இருந்துவிட, அதே இயந்திரத்தில் பெண்கள் அணியின் சட்டைகளையும் போட்டு எடுப்பாள். சனிக்கிழமையானால் கடற்கரை ஊர்களைச் சுற்றிப் பெண்களை வேனில் அள்ளிக்கொண்டு வருவாள். பயிற்சி முடிந்ததும் உப்பு மீனும் வாழைக்காயும் வேகவைத்துப் போடுவாள். இருட்டுவதற்குள் ஒவ்வொருத்தியையும் வாசலில் இறக்கிவிடுவாள். பெண்ணைப் பந்து விளையாட அனுப்பாத அப்பன்கள்கூட ஹெர்மினா என்றால் அனுப்பினார்கள். கல்யாணம் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "இத்தனை பொண்ணுங்கள மேய்க்கிறது போதாதா, புருஷன் வேற வேணுமா?" என்பாள்.

அந்த வருடம் பெண்கள் அணி பக்கத்துத் தீவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த சுற்று அமெரிக்காவில். அங்குள்ள கல்லூரிகளில் இருந்து பயிற்சியாளர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், பிடித்துப்போனால் படிப்புச் செலவையே ஏற்றுக்கொள்வார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து வரும் ஜெனெல் என்ற பெண்ணை அவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும் என்று ஹெர்மினா நம்பினாள். ஜெனெலின் இடது காலுக்குப் பந்து நாய்க்குட்டி மாதிரி பழகியிருந்தது.

சங்கத் தலைவர் கார்வின் டெசிர் இரும்புக்கடை வைத்திருந்தார். புயலுக்கு முன்னால் கடைக்கூரையைச் சரிபார்க்க ஏறியவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதே மாதம் பெரிய தீவில் ஒரு கூட்டம். உலகக் கால்பந்துத் தலைவர் பதவிக்கான தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, வேட்பாளர் ஒருவர் வட்டாரத்தின் எல்லாச் சங்கங்களையும் சந்திக்க வருகிறார் என்றார்கள். டெசிருக்குப் பதிலாக ஹெர்மினா போனாள்.

கடலைப் பார்த்த ஓட்டலில் அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். விரிப்பின் மடிப்பைப் பார்த்ததும், யாரோ அவசரத்தில் இஸ்திரி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். வேட்பாளர் வந்தார், அரைமணி நேரம் பேசினார், எல்லோரிடமும் கைகுலுக்கினார், விமானம் ஏறிப் போனார். அதன் பிறகு வட்டாரத் தலைவர் ரூபெல் எழுந்தார். அவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நினைத்தால் ஒரு தீவுக்கு மைதானம் வரும், நினைக்காவிட்டால் அங்கே புல்கூட முளைக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக மேல்மாடி அறைக்குப் போய் ஒரு சிறு அன்பளிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார்.

பேனாவோ பனியனோ தருவார்கள் என்று எண்ணித்தான் ஹெர்மினா போனாள். ஒட்டிய பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார்கள். தன் அறைக்கு வந்து பிரித்தாள். உள்ளே நூறு டாலர் நோட்டுகள், கட்டுக்கட்டாக. அமெரிக்க டாலர். அவ்வளவு பணத்தை ஒரே இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உறையை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஆன்ட்டி, குறையுதா?" என்று கேட்டாள்.

"இது எதுக்கு?"

"எதுக்குன்னா? அன்பளிப்பு. மத்தவங்க யாரும் கேக்கலையே."

வரிசையில் நின்ற இன்னொரு தீவின் பிரதிநிதி, தலை நரைத்த மனிதர், அவளை ஓரமாக அழைத்துப் போனார். கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. "தங்கச்சி, நீ வாங்கலன்னாலும் வாங்கினதாத்தான் உங்க ஊர்ல பேசுவாங்க. பேச்சு வாங்கப்போறது உறுதி, பணத்தையாவது வாங்கிக்கோ," என்றார்.

அவள் உறையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். மறுநாள் காலை கூட்டத்தில் சீஃப் யார் பெயரையும் சொல்லவில்லை. நம் வீட்டு விருந்தில் சிலர் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள், அவர்களுக்கு நம் சமையல் பிடிக்கவில்லை போல, பரவாயில்லை, அடுத்த விருந்துக்கு அவர்களைச் சிரமப்படுத்த மாட்டோம் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நரைத்த தலைக்காரரும் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் அவள் நேராக டெசிரின் வீட்டுக்குப் போனாள். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் முழுவதையும் கேட்டார்.

"நம்ம மைதானத்துல கழிப்பறைக்குக் கதவு இல்ல, ஹெர்மி. உன் பொண்ணுங்க மறைவுக்குத் துண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. அந்தப் பணத்தை உனக்குன்னு வெச்சுக்கச் சொல்லி யாரு சொன்னா? மைதானத்துக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கலாமே?"

அந்தக் கேள்வியோடுதான் அவள் வீட்டுக்குப் போனாள்.

யாரோ எங்கேயோ உறை விஷயத்தை உளறிவிட்டதில், தலைமையகத்தில் இருந்து விசாரணைக்கு ஒரு வழக்கறிஞர் வந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் ஹெர்மினாவைச் சந்தித்தார். மெதுவாகப் பேசும், மரியாதையான மனிதர். உங்கள் பெயர் வெளியே போகாது என்று கையைப் பிடித்துச் சொன்னார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வேறு எந்தத் தீவில் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது. அந்த மாதம் முடிவதற்குள் அவள் பெயர் காலை வானொலியில் வந்துவிட்டது.

அதன் பிறகு சந்தைக்குப் போனால், "மாதா வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா," என்று மீன்காரர்கள் கைகூப்பினார்கள். மைதானத்துக்கு விளக்குப் போடும் வேலை கணக்குச் சரிபார்ப்பு என்ற பெயரில் நின்றது. கம்பம் நடத் தோண்டிய குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. அதற்கும் அவள்தான் காரணம் என்றார்கள். ஜெனெலின் பள்ளியில் ஒரு பையன் ஹெர்மினாவைக் கிண்டல் செய்ய, ஜெனெல் அவன் மூக்கை உடைத்துவிட்டு வகுப்புக்கு வெளியே ஒரு வாரம் நின்றாள். அதைக் கேட்டு ஹெர்மினா அவளைத் திட்டினாள். திட்டி முடித்து அடுக்களைக்குள் போய் அழுதாள்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. பெண்கள் அணியின் அமெரிக்கப் பயணம் மறுபரிசீலனையில் இருக்கிறது. விமானச் சீட்டு எடுத்துத் தருவது வட்டாரச் சங்கம், அதாவது சீஃப்.

வெள்ளிக்கிழமைகளில் சாலையோரம் அடுப்பு வைத்துப் பொரித்த ரொட்டியும் மீனும் விற்று டிக்கெட்டுக்குச் சேர்க்கப் பார்த்தாள். வழக்கமாக வாங்குகிறவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை, மீந்ததைக் கொண்டுபோய்க் கடலில் போட்டாள். கடைசியில் டெசிர் சீஃபின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

சீஃப் அவளிடம் கோபப்படவே இல்லை. "அம்மணி, பிள்ளைங்க விளையாடணும்னுதான் எனக்கும் ஆசை. நீங்க மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. நீங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, அவ்வளவுதான். அதை உங்க ஊர் ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எல்லாம் சரியாயிடும்," என்றார். பின்னால் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பூசைக்குப் போனாள். பாதிரியாரிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பணத்தைத் தொட மறுத்தபோது தன்னை மட்டும்தான் நினைத்தேனோ என்ற சந்தேகம் அவளை அரித்தது. இப்போது தன்னை விட்டுவிட்டு அவர்களை நினைக்கலாம் என்று முடிவுசெய்தாள்.

காலை நிகழ்ச்சியில், தீவு முழுவதும் கொக்கோ டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஹெர்மினா ஓகுஸ்த் பேசினாள். உறையில் இருந்தவை கூட்டத்தின் தாள்கள்தான், கண்ணாடி போடாமல் பார்த்துக் குழம்பிவிட்டேன், சீஃபிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். நிகழ்ச்சி நடத்துபவன், "ஆன்ட்டி, உங்க கண்ணாடி எத்தனை பவர்?" என்று கேட்டான். தொலைபேசியில் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விமானச் சீட்டு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போட்டி அலுவலகத்துக்கே அவள் அழைத்துக் கேட்டாள். உங்கள் இடம் வேறொரு தீவுக்குப் போய்விட்டதே என்றார்கள். எப்போது என்று கேட்டாள். அவள் வானொலியில் பேசியதற்கு முந்தைய வாரம். சீஃப் தொலைபேசியில் சமாதானம் சொன்ன அன்றைக்கே அது முடிந்துபோன காரியம்.

தலைமையகம் விசாரணையை மூடியது. ஒரே சாட்சியும் பேச்சை மாற்றிக்கொண்டதால் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்றது. அதோடு விட்டிருக்கலாம். முன்னுக்குப் பின் முரணாகச் சாட்சி சொன்னதற்காக ஹெர்மினாவுக்கு மூன்று வருடத் தடை விதித்தது. அந்த விவகாரத்தில் உலகம் முழுவதிலும் தண்டனை வாங்கியது அவள் ஒருத்திதான்.

"கால்பந்து சம்பந்தமா எதுவும் செய்யக் கூடாதாம், ஹெர்மி," என்றார் டெசிர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வேன் ஓட்டலாமில்ல?"

"கூடாது."

"சட்டை துவைக்கிறது?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். மாவுக்கட்டு பிரித்த காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜெனெல் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"நாங்க கேட்டோமா மிஸ், எங்களுக்காகப் பொய் சொல்லுங்கன்னு?"

"உனக்காகத்தான்டி, ஜெனெல். நீ போகணும்னுதான்..."

"நான் அவன் மூக்கை உடைச்சேன். எங்க மிஸ் பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லி உடைச்சேன். இப்ப அவன் தினம் என்கிட்ட வந்து மூக்கைக் காட்டுறான்."

ஹெர்மினா அவள் கையைப் பிடிக்கப் போனாள். பெண் கையை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

வேன் இல்லாமல் மற்றப் பெண்களும் வரவில்லை. இரண்டு பேர் கர்ப்பமானார்கள், ஒருத்தி துணிக்கடையில் சேர்ந்தாள். ஜெனெல் பதினெட்டு முடிந்ததும் உல்லாசக் கப்பலில் அறை துடைக்கும் வேலைக்குப் போனாள். புறப்படும்போது அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஜெனெலின் அம்மா ஆஸ்பத்திரிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோதுதான் ஹெர்மினாவுக்குத் தெரிந்தது.

தடை முடிந்த நாளை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் ரொட்டிக்கடைத் தொலைக்காட்சியில் வட்டாரத் தேர்தலைக் காட்டினார்கள். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் கையைத் தூக்கினால் போதும் என்றார்கள். சீஃப் மேடையில் நின்றார். கூட்டத்தில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. அதற்கு இரண்டு இருக்கை தள்ளி டெசிர், புதுக் கோட்டு, கை மேலே.

"நம்மாளு பாரு, டிவில வர்றாரு," என்று கடைக்காரி பூரித்தாள்.

கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஹெர்மினாவின் ஒரு கையில் ரொட்டிப் பை இருந்தது. பக்கத்தில் நின்றவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தானும் கைதட்டினாள்.