வாறன் என்று சொல்லாத தொழில்

நான் யாருக்காவது தொலைபேசி எடுத்தால், மறுமுனையில் முதல் வருவது "ஆர் அண்ணை மோசம் போனது?" என்ற கேள்விதான், யார் செத்தது என்று. ஒருமுறை காருக்குப் பனிக்கால டயர் மாற்ற ஜாக் இரவல் கேட்கலாம் என்று தெரிந்த ஒருவருக்கு எடுத்தேன். "கொஞ்சம் பொறுங்கோ, கதிரையில இருந்திட்டுக் கேக்கிறன்" என்றார். இருந்தார். ஜாக் என்றதும் அவர் சிரித்திருக்க வேண்டும். ஆனால் கோபப்பட்டார். "இதுக்கே அண்ணை மனுசரை இப்பிடிப் பயப்படுத்திறது?" என்று வைத்துவிட்டார். ஜாக்கைக் கடையில் வாங்கினேன்.

டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில், ஒரு மலர்ச்சாலையில் எனக்கு வேலை. இறந்தவர்களை வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ போய் எடுப்பது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, பெட்டியில் வைப்பது, வண்டி ஓட்டுவது. நாங்கள் மூன்று பேர். முதலாளி, தகப்பனுக்குப் பிறகு தொழிலை ஏற்ற டெனிஷ்காரி. பூவையும் பத்திரிகை அறிவித்தலையும் பார்க்க இன்னொரு பெண். பிறகு நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு பாடம் சொன்னார். துக்க வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "வி சேஸ்" என்று சொல்லக்கூடாதாம். டெனிஷ்காரர் கடையிலும் பஸ்ஸிலும் வாய் ஓயாமல் சொல்லும் வார்த்தை அது. மறுபடி சந்திப்போம் என்று அர்த்தம். எங்களை மறுபடி சந்திக்க யார்தான் ஆசைப்படுவார்கள் என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. செத்தவீட்டில் "போட்டு வாறன்" சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பிப் போக வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் பழக்கம் பொல்லாதது. தினமும் வாறன் சொல்லாமலே வீடுகளை விட்டு வெளியேறியவனுக்கு, நல்ல வீடுகளிலும் அந்தச் சொல் வாயில் வருவது நின்றுபோனது. அதைவிட மோசம், மற்றவர்களும் என்னிடம் அதைச் சொல்வதை விட்டார்கள். "வாங்கோ" என்று கூப்பிடுவதும் இல்லை, "போட்டு வாங்கோ" என்று அனுப்புவதும் இல்லை. கல்யாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அழைப்பிதழ் என் மனைவி கைக்குத்தான் வரும். "அண்ணைக்கு வேலை இருக்கும்தானே. நீங்கள் பிள்ளையளோட வாங்கோ அக்கா" என்பார்கள். எனக்கு வேலை இல்லாத சனிக்கிழமை எது என்று யாரும் கேட்டதில்லை.

சரி, விட்டுத் தொலைப்போம் என்றால் அதுவும் முடியவில்லை. ஒருநாள் முதலாளியிடம் வேலையை விட்டு நிற்கப் போகிறேன் என்று சொன்னேன். மனுசி முகம் சுளிக்காமல் கேட்டு, கோப்பி ஊற்றித் தந்தார். கோப்பி ஆறமுன் தொலைபேசி அடித்தது. ஒரு தமிழ்க் குடும்பம். தாய் இறந்துவிட்டார், சீலை உடுத்த வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும், அந்தத் தமிழ் அண்ணை வருவாரா என்று கேட்டார்கள். போனேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அதே கதை. உயிரோடு இருக்கும்வரை என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், செத்தால் நான்தான் வேண்டும் என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இங்கே பிறந்த என் மகள், "வேறு வேலை பாருங்களேன் அப்பா" என்று டெனிஷில் சொல்வாள், ஏதோ சட்டை மாற்றச் சொல்வதுபோல. இந்த வயதில், இந்த முதுகோடு, எந்தப் படியில் ஏறி வேலை கேட்பது?

ஒரேயொரு வீடு எனக்குத் திறந்திருந்தது. என் கூட்டாளியின் வீடு. மலர்ச்சாலைக்கு முன்பு நாங்கள் இருவரும் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி தூக்கியவர்கள். தொழிற்சாலையை மூடியதும் அவன் பஸ் ஓட்டப் போனான், நான் இதற்கு வந்தேன். சனிக்கிழமைகளில் அவன் வீட்டில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். கள்ள ஆட்டத்துக்குப் பேர்போனவன். "நீ போனாப் பிறகு மனுசி வாசலுக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கிறா, தெரியுமோ?" என்று அவனே சொல்லிச் சிரித்தான். எனக்கு வலித்தது, ஆனால் அவன் சிரித்தபடியால் நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து, "சரி, போட்டு வா" என்பான். எனக்கு அதைச் சொல்ல உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போக வெளிக்கிட்ட அன்று அவன் மனைவி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் மட்டும் வராதேங்கோ. உங்களைக் கண்டா இவர் எல்லாம் முடிஞ்சுது எண்டு யோசிப்பார்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.

ஊரே போய்ப் பார்த்தது. அவனைத் தெரியாதவர்கள்கூடத் தோடம்பழப் பையோடு போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். நான் அவனைப் பார்க்கத்தான் போகிறேன், அதில் சந்தேகமில்லை. என் கைக்குத்தான் வருவான். ஆனால் உயிரோடு, அந்தக் கள்ளச் சிரிப்போடு, இன்னும் ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

கொடுமை என்னவென்றால் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் நான் வேலையாக அடிக்கடி போவேன். பின்கதவால், நிலக்கீழ்த் தளத்துப் பிணவறைக்கு. அவன் மேல்மாடியில். ஒரே லிஃப்ட். ஒருநாள் முதலாளியும் நானும் ஒரு டெனிஷ் முதியவரை எடுக்கப் போயிருந்தோம். லிஃப்ட்டுக்கு எதிரே நான் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். விஷயத்தைச் சொன்னேன். "போய்ப் பார். நான் வண்டியில் இருக்கிறேன்" என்றார். எப்படிப் போவது? கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. மேலே போனால் அந்த விறாந்தையே நடுங்கும்.

அப்போது என் கைத்தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"எங்க நிக்கிறாய்?"

"கீழ."

"எந்தக் கீழ?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது. "ஜன்னலால உன்ர வண்டியைக் கண்டனான். மேல வாடா. மனுசி வீட்ட போட்டா."

வர முடியாது, தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். "சாகப்போறது நானோ அவவோ?" என்றான்.

முதலாளியிடம் திரும்பினேன். தமிழ் விளங்காவிட்டாலும் என் முகம் விளங்கியிருக்கும். வண்டியின் பின்னால் போய், தான் சைக்கிள் ஓடும்போது போடும் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்துவந்து நீட்டினார். டையைக் கழற்றச் சொன்னார். வெளியே நல்ல வெயில். நான் கழுத்துவரை பொத்தான் பூட்டிய பொம்பிளை மழைக்கோட்டோடு அறிவு கெட்டவன்போல லிஃப்ட்டில் ஏறினேன்.

அவன் என்னைக் கண்டதும் சிரித்த சிரிப்பில் நேர்ஸ் எட்டிப் பார்த்தாள். பாதியாகி இருந்தான். என் தொழில் கண் தன்பாட்டில் அவன் தோளையும் காலையும் அளந்தது. அந்தக் கண்ணை அங்கேயே பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

"வாறவன் எல்லாம் சுகமாயிடும் எண்டு பொய் சொல்லுறான். நீயாவது சொல்லாத" என்றான். பிறகு, "நீதானே தூக்குவாய்?" என்று கேட்டான்.

"ஓம்."

"குனிஞ்சு தூக்காத. முழங்காலை மடிச்சுத் தூக்கு. உன்ர முதுகு சரியில்லை." தொழிற்சாலையில் பெட்டி தூக்க எங்களுக்குப் படிப்பித்த அதே பாடம்.

கொஞ்ச நேரம் இருந்தேன். அவன் கை என் கையில் இருந்தது. மனைவி வரும் நேரம் என்று எழும்பினேன். மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு கட்டிலடியிலேயே நின்றேன்.

"என்ன நிக்கிறாய்? வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ."

எத்தனையோ வருடம் சொல்லாத சொல். எதற்கு வருவேன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வாறன்" என்றேன்.

"போட்டு வா" என்றான்.

பிறகு அவனை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒருநாள் காலை அவன் மனைவியே தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, வாங்கோ" என்றாள். அந்த வாயால் எனக்கு அந்தச் சொல் வந்தது அன்றுதான். முதலாளியும் நானும் போனோம். வழக்கமாகச் சீட்டு விளையாடும் மேசையை ஓரத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்று, முழங்காலை மடித்து, அவன் சொன்னபடியே தூக்கினேன். முதுகு வலிக்கவில்லை. வலித்திருந்தால் நல்லது என்று இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஊரையே கூப்பிட்டு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். என் மனைவி போய்வந்தாள். வரும்போது ஒரு பொதி கொண்டுவந்தாள். "அண்ணைக்கு வேலை இருக்கும், இதைக் குடுங்கோ எண்டு கட்டித் தந்தவ" என்றாள். எனக்கு அன்று வேலை இருக்கவில்லை. அவன் மனைவியை நான் குறை சொல்லமாட்டேன். பயந்தவளுக்கு நான் என்ன நியாயம் சொல்வது. பொதியைப் பிரித்துச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன், பாயாசமும் குடித்தேன்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஜன்னலடியில் நின்றேன். அந்த வீட்டில் வாறன் என்று சொல்ல இனி எனக்கு ஆள் இல்லை.