ஒன்றாம் நம்பர் மரம்

விஸ்வலிங்கத்தாருக்கு ஒரு பொல்லாத குணம்: எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் சோறு இறங்காது. பினாங்கில் காட்டு இலாகாக் கந்தோரில் இருபது வருஷமாகக் கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரன் வந்து கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்த பிறகும், மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடுதான் வேலைக்குப் போனார். டியூப் கிடைக்காததால் சைக்கிள் டயருக்குள்தான் காற்றுக்குப் பதில் கயிறு.

நாற்பத்து நாலில் புது ஜப்பான் அதிகாரி உத்தரவு போட்டான். ஆயர் ஈத்தாம் மலைச்சரிவுக் காட்டை வெட்டி விறகாக்க வேண்டுமாம்.

விஸ்வலிங்கத்தார் வாய் சும்மா இருந்ததா? "துரை, விதிப்படி ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் எழுதி, சுற்றளவு பதிஞ்ச பிறகுதான் வெட்டலாம்."

அதிகாரிக்கும் ஒழுங்கு என்றால் உயிர். "நல்லது. நம்பர் முடிந்த மறுநாள் கோடாரி" என்றான்.

போச்சு! காட்டைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடிவாரத்தில் தோட்டம் போட்டிருந்த மலாய்க்காரி நோர்மா, தமிழர்களோடு பழகித் தமிழ் பேசுபவள், வழிமறித்தாள்.

"கிராணி, மேலே மரம் போச்சுன்னா ஓடையிலே தண்ணி ஏதுலா? மழை பேஞ்சா மண்ணெல்லாம் என் வீட்டு மேலதான்!"

"நான் என்ன செய்ய, நோர்மா? பொய் எழுத என்ர கை வராது." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது.

சாயம் கிடைக்காத காலம். சுண்ணாம்பைக் கரைத்து எழுதினார். மூன்று வாரத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மரம். இன்னும் உச்சிப் பக்கத்துத் துண்டு மட்டும்தான் பாக்கி. அன்று மத்தியானம் பிடித்தது பார் மழை! மறுநாள் காலையில் போனால் ஒரு மரத்திலும் நம்பர் இல்லை. சுண்ணாம்பில் பசை கலக்க மறந்திருந்தார், ஒழுங்கின் சிகரம்! வெட்கத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தான். "நம்பரைக் கத்தியால் செதுக்கு!"

"விதிப்படி நம்பர் எழுதாத மரத்திலே கத்தி படக் கூடாது, துரை."

அதிகாரி விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். அப்படியேதான் இருந்தது. "மறுபடியும் ஒன்றிலிருந்து!" என்று கத்தினான்.

மலையேறும்போதுதான் விஸ்வலிங்கத்தாருக்கு உறைத்தது. நடுக்காட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பசையைப் பற்றி அதிகாரி கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில்லையே! பிறகென்ன, பசை கலக்காமலே அவர் எழுத எழுத மழை கழுவியது. நோர்மா வாரம் தவறாமல் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்த வெள்ளைக்காரத் துரை பதிவேட்டைப் புரட்டினார். ஒன்றாம் நம்பர் மரம் பதினொரு தடவை எழுதியிருந்தது.

"என்ன இது, விஸ்வலிங்கம்? மொத்தம் எத்தனை மரம்?"

வாழ்க்கையில் முதல்முறையாக, முடிக்காத வேலையை மேசையில் வைத்துக்கொண்டு விஸ்வலிங்கத்தார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"எத்தனை எண்டு தெரியாது, சேர். ஆனா எல்லாம் நிக்குது."