பிலோமினா உண்டாக்கிய காடு

அல்சூரில் பேருந்துக்குக் காத்திருந்தபோது பிலோமினாவின் தம்பி அந்தோணி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்கண்ணா. நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான். உங்க ஆட்டத்துல இருந்தவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்." பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. எங்கள் இணைய விளையாட்டை எங்கெங்கோ இருந்து ஆடிய ஆட்டக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்குப் பிலோமினாவின் பெயர் தெரியாது, அவர் உண்டாக்கிய காட்டைத்தான் தெரியும். அந்தக் காட்டில் திரிந்தவர்களுக்கும், அவரை நேரில் அறிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டின் தொடக்கத்தில், நண்பன் ரகுவும் நானும் ஒரு தையல்கடை மாடியில் இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். வேடனாகவோ வைத்தியராகவோ ஒரு பெயரில் உள்ளே நுழைந்து, மற்ற ஆட்டக்காரர்களோடு அந்த உலகத்தில் வாழவேண்டும். பக்கத்து இன்டர்நெட் சென்டரில் சிலரிடம் சோதிக்கக் கொடுத்தோம். ஜீவனஹள்ளிப் பெண் ஒருவர் மட்டும் குறைகளை மூன்று பக்கம் கையால் எழுதிக்கொண்டு மாடியேறி வந்தார். ஒரு மருத்துவமனையில் பதிவேடு பார்ப்பவர். அவர்தான் பிலோமினா.

"உங்க காட்டுல ஓநாய் இருக்கே, அது இன்னாத்த சாப்பிடுது?"

ரகு சிரித்தான். "அது சாப்பிடாதுங்க. ஆளுங்க அடிக்கிறதுக்குன்னு நிக்குது. செத்தா பத்து நிமிஷத்துல வேற ஒண்ணு வந்துடும்."

"அப்போ அது ஓநாய் இல்ல, பொம்மை."

அன்று முதல் வேலை முடிந்ததும் எங்கள் மாடிக்கு வந்துவிடுவார். மழை பெய்தால் புல், புல் இருந்தால் மான், மான் இருந்தால் ஓநாய் காட்டோடு நிற்கும். கிணறு வற்றினால் ஊரில் காய்ச்சல். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கட்டினார். எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நீலசந்திரா பக்கம் தண்ணி லாரி வராம போனா, அடுத்த வாரம் எங்க வார்டுல பெட்டு கிடைக்காது. ரெண்டும் வேற வேற நோட்டுல இருக்கும். நான்தான் ரெண்டையும் பாக்கறேன்" என்றார். சோதித்துப் பார்க்க மழையின் அளவை நான் சிறிது குறைப்பேன். சற்று நேரத்தில் மூன்று ஊர் தள்ளி மான்கள் இடம் மாறும். அந்தக் கணினி நிரலை எழுதியவன் நான்தான். ஆனாலும் உடல் சிலிர்க்கும்.

ஆட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட சில வாரங்களில் விபரீதம் வந்தது. தோலுக்காக வேடர்கள் மான்களை அடித்துத் தீர்த்தார்கள். பசித்த ஓநாய்கள் ஊருக்குள் புகுந்தன. புதிதாக வந்தவர்கள் ஊர் வாசலிலேயே செத்தார்கள். கோபக் கடிதங்கள் குவிந்தன, ஆட்டக்காரர்கள் விலகத் தொடங்கினார்கள். இதற்காகவே வேலையை விட்டிருந்த ரகு வெளிறிப்போனான்.

"மானை நிரப்பிடு. ஒரே ஒரு வரிதானே?" என்றான் என்னிடம்.

"வேணாம்ப்பா," என்றார் பிலோமினா. "ஒரு தடவ நாம கை வெச்சிட்டா, அப்புறம் அவங்க செய்யற எதுக்குமே அர்த்தம் இல்ல. மேற்கு மலையில இன்னும் ஏழு மான் இருக்குது."

"அதையாவது ஆட்டக்காரங்ககிட்ட சொல்லிடலாமா?" என்றான் ரகு.

"கூடாது. அவங்களே தேடட்டும். ஒரு வாரம் குடுங்க."

கொடுத்தோம். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. செபமாலையை உருட்டியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடித்து வந்திருந்தார். பிற்பகலில், எல்லோரையும்விட அதிக மான்களைக் கொன்ற வேடன் ஒருவன் காலடித் தடம் பார்த்து மேற்கு மலை ஏறினான். மான்களைக் கண்டான். வில்லை எடுத்தான். அடுத்த வரி திரையில் வர வெகுநேரம் ஆனது. வில்லைக் கீழே வைத்துவிட்டான். பிறகு எல்லோருக்கும் ஒரு செய்தி எழுதினான்: "ஏழுதான் மிச்சம். ஒன்று குட்டி. காவலுக்கு ஆள் வேண்டும்."

வந்தார்கள். ஒரு தேசம் தூங்கப் போகும்போது இன்னொரு தேசத்து ஆட்டக்காரர்கள் வந்து நின்றார்கள். காவல் என்ற ஒன்றே எங்கள் நிரலில் இல்லை, அதற்குப் பரிசும் இல்லை. ரகு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். பிலோமினா, பூசையில் செய்வதுபோல, முந்தானையை எடுத்து மெல்லத் தலையில் போட்டுக்கொண்டார்.

"இத நாம எழுதலப்பா," என்றார்.

மான்கள் பெருகின, ஓநாய்கள் காட்டுக்குத் திரும்பின. படம் காட்டும் பெரிய ஆட்டங்கள் வந்து எங்களுடையது மூடப்படும்வரை அந்தக் காடு அழியவில்லை. ஆட்டத்தின் முகப்பில் தன் பெயரைப் போட அவர் கடைசிவரை விடவில்லை. "பேரப் பார்த்தா, யாரோ நடத்துறாங்கன்னு நினைப்பாங்க."

அவர் இறந்த செய்தியைப் பழைய ஆட்டக்காரர்களுக்கு அனுப்பினேன். முதலில் பதில் எழுதியவர் அந்த வேடன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "நான் வில்லை எடுத்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தாரா?"

ஆம் என்று எழுதினேன். தடுக்க முடிந்தும் தடுக்காமல், நீங்கள் நல்லதையே செய்வீர்கள் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினாவிடமிருந்து நான் எனக்கென வைத்துக்கொண்டிருப்பது, மனிதர்கள்மேல் அவருக்கிருந்த அந்தத் துணிச்சலான நம்பிக்கையைத்தான்.