ரெண்டு கோட்டுக்கு அடியில்

என் தங்கச்சி புருஷன் பெயின்டர். நானும் பெயின்டர்தான். ஆனா எனக்கு வாய் நீளம், மாப்பிள்ளைக்குக் கை சுத்தம்.

அவங்களுக்கு ஒரே மகள். எட்டு வயசுல காய்ச்சல் வந்து நாலே நாள்ல போயிட்டா. வீட்ல ஒரு போட்டோகூடக் கிடையாது. எடுக்கலாம், எடுக்கலாம்னே இருந்துட்டோம், பாவிங்க.

அதுக்கப்புறம் எந்த வீட்டு வேலைக்குப் போனாலும், சுவத்துக்கு வெள்ளைப் பட்டி பூசி, மேல அடிச்ச பிரைமர் காஞ்சதும் மாப்பிள்ளை பென்சில் எடுத்து ஒரு மூலையில அவ முகத்தை வரைவான். கீழுதட்டைக் கடிச்சுக்கிட்டு உம்முனு இருப்பா. அச்சு அசல் அவளேதான். டீ குடிச்சுட்டு வந்து அவனே ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சு மூடிடுவான். யாருக்குய்யா இதுன்னு ஒருநாள் கேட்டேன். பிரஷ் கழுவப் போயிட்டான்.

எனக்குத்தான் பொறுக்கல. இவ்வளவு திறமையும் சுவத்துக்குள்ள வீணாப் போகுதேன்னு ஆத்திரம். ஒரு டாக்டரம்மா வீட்டு ஹால்ல, அவன் டீக்குப் போன நேரம் அந்தம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிட்டேன். மூடாதீங்க, இதையே பெருசா கலர்ல போடுங்கன்னாங்க. போட்டான். பாதியில வந்து பார்த்துட்டு, பிள்ளையைக் கொஞ்சம் சிரிக்க வைங்களேன்னாங்க.

அதையும் செஞ்சான். பார்க்க வந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. மாப்பிள்ளை முகத்துல வருஷக்கணக்கா இல்லாத ஒரு வெளிச்சம். நான் தலைகால் புரியாம ஆடினேன். அப்புறம் வீடு வீடா கூப்பிட்டாங்க, எல்லாருக்கும் சிரிக்கிற பிள்ளைதான் வேணும். பதினோரு சுவத்துல சிரிச்சா.

போன மாசம் ஒரு மாடிப்படி வேலை. பக்கத்துல யாரும் இல்ல. ரொம்ப நாள் கழிச்சுப் பென்சிலை எடுத்தான். வரைஞ்சான், அழிச்சான், மறுபடி வரைஞ்சான். மத்தியானம் வரைக்கும் இதே கதை.

“மச்சான், சிரிச்சுக்கிட்டே வர்றா. இது அவ இல்ல. உங்களுக்காவது அவ முகம் ஞாபகம் இருக்கா?”

கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கும் அந்த ஹால் சுவத்துப் பிள்ளைதான் வந்தா.

முன்னாடி நாங்க அடிச்ச ஒரு வீட்டுக்கு ஓடினோம். வீட்டுக்காரர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி, அவன் அவளை வரைஞ்சு மூடின மூலையில உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். மெதுவா, மெதுவான்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். பெயின்ட்டோட சேர்ந்து பென்சில் கோடும் வந்துடுச்சு. கீழே வெறும் பட்டி.

உதிர்ந்த தூளை உள்ளங்கையில அள்ளிக்கிட்டான். பஸ்ல டிக்கெட் எடுக்கக்கூட அந்தக் கையை அவன் திறக்கல.