மிளகாய் மணக்கும் ஜாக்கெட்

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனீங்கள்? இப்ப நீங்களே துவக்குத் தூக்கப் போறியளோ?" என்று கேட்டாள் மனைவி. ஊர் யுத்தத்துக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்த நான், ஐம்பத்திரண்டு வயதில் துப்பாக்கி வேட்டைப் படிப்புக்குப் பதிந்திருந்தேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

சோதனையில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுமுறை தேறி, வேட்டை உரிமம் கைக்கு வந்தது. டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு காட்டை வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என்னோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண். மே முடிவதற்குள் ஒரு கிடா மானைச் சுடலாம் என்று அனுமதி தந்தார். மூன்று மாலைகள் பரணில் குந்தியிருந்தேன். மூன்று முறையும் மான்கள் காட்டோரம் வரை வந்து, மூக்கைத் தூக்கிவிட்டுத் தெறித்து ஓடின. சும்மா இருக்கத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த என் காலைத்தான் திட்டினேன்.

மே மாதத்தின் கடைசி மாலை, அந்தப் பெண் என் ஜாக்கெட்டை மோந்து பார்த்துத் தும்மினார். அப்போதுதான் விளங்கியது. வீட்டு மணம் ஒட்டக்கூடாது என்று வகுப்பில் சொன்னதைக் கேட்டு, ஜாக்கெட்டைப் பால்கனியில் தொங்கவிட்டிருந்தேன். எங்கள் வீட்டிலோ, உள்ளே புகை அலாரம் அலறும் என்று மிளகாயும் மல்லியும் வறுப்பதே பால்கனியில்தான்! வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பரணில் ஏறினேன். வெளிச்சம் மங்குமுன் கிடா வந்து நின்றது. காதுக்கவசம் கழுத்தில் கிடந்ததை மறந்து சுட்டேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது பரணின் பலகை. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தேன். பயிற்சியில் எத்தனை தடவை சுட்டிருப்பேன், கவசத்தோடு!

சத்தம் கேட்டு வந்தவர், மான் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டார். சுட்டவன் அதைப் பார்த்து வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். பார்க்கவில்லை என்றேன்.

அது ஓடவே இல்லை. நின்ற இடத்திலேயே புல்லுக்குள் கிடந்தது. செத்த மானின் வாயில் ஒரு சிறு கிளையைக் கடைசி உணவாக வைப்பது இங்கே வழக்கம். அவர் முறித்துத் தந்த கிளையை அதன் வாயில் வைத்தேன்.

மனைவி தொலைபேசியில் கேட்டாள்.

"சுட்டனீங்களோ?"

"ஓம்."

"பயந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவளிடம் அதை ஒப்புக்கொண்டது அன்றுதான்.